வலப்பக்கக் கதவு

கதவு திறந்து கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. எழுந்து போய் மூடிவிட்டு வந்துதான் அடுத்த கவளம். இதை முதலிலேயே சொல்லக் காரணம், இந்த விருந்தினர் விடுதி அறையின் கதவு நான் வந்ததிலிருந்து அரைகுறையாகத் திறந்திருக்கிறது. நீங்கள் பேசியதில் பாதி என் காதில் விழவில்லை. மூடிவிட்டு உட்காரலாமா ஐயா? நன்றி.

என் பெயர் சக்கரபாணி. சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருந்தேன், ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன். என் செக்‌ஷனில் அத்தனை வருடத்தில் ஒருவனுக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை. ஓய்வுக்குப் பிறகு, சும்மா கிடந்த விமான ஓடுபாதையில் வெளியூர்க்காரர்கள் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, தரைவேலைக்குப் பொறுப்பான ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு சின்ன விமானங்கள். இரண்டே இருக்கை, ஒரே எஞ்சின். காலையில் கொட்டகையிலிருந்து தள்ளி வெளியே கொண்டுவருவது, டயரில் காற்றுப் பார்ப்பது, கண்ணாடி துடைப்பது, பயிற்சி பெறுபவர் ஏறியதும் கதவைச் சாத்துவது என் வேலை. பொற்கொடி என் மகள். அவளை நீங்கள் காகிதங்களில்தான் அறிவீர்கள்.

விபத்தைப் பற்றி நீங்கள் எழுதிய முதற்கட்ட அறிக்கை போன வியாழக்கிழமை எனக்கு வந்தது. பதினொரு பக்கம். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். நல்ல அறிக்கை. ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் தவறு இருக்கிறது. விமானத்தில் பழுது இல்லை, விழுந்தபோது இரண்டு கதவுகளும் மூடித் தாழிட்டிருந்தன, பயிற்சி பெறுபவர் மேலெழுந்தவுடன் பயத்தில் நிலைகுலைந்து இருக்கையோடு பிணைக்கும் தோள்பட்டியைக் கழற்றி ஸ்டியரிங்கைக் கைவிட்டிருக்கிறார், முன்பும் ஒருமுறை அவர் இவ்வாறு பதறியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திருத்தத்தான் வந்தேன். அதைத் திருத்த வேண்டுமானால் மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

என் அப்பாவின் வீட்டுக்குக் கதவு கிடையாது. கீற்றுத் தட்டிதான். நாய் முட்டினால் விழும். வயலுக்கு ஆள் வேண்டுமென்றால் ஊர்த்தெருக்காரர்கள் தட்டியைக் காலால் தள்ளி உள்ளே தலையை நீட்டுவார்கள். என் அம்மா எந்த நிலையில் இருந்தாலும் நீட்டுவார்கள். பிறகு சுரங்கத்துக்கு ஊரை எடுத்தார்கள். நிலம் இருந்தவர்களுக்கு நிலம் போனது, எங்களுக்குத் தட்டி போனது. நான் கான்ட்ராக்டில் சேர்ந்து, பெர்மனென்ட் ஆகி, நகரியத்தில் எனக்கொரு குவார்ட்டர்ஸ் கொடுத்த அன்று, சாவியை வாங்கிக்கொண்டு நேரே உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். பலகைக் கதவு, பச்சைப் பெயின்ட். சாத்திவிட்டு அதன் பின்னால் சும்மா நின்றேன். கொஞ்ச நேரத்தில் யாரோ தட்டினார்கள். தட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். திறந்தால் சிங்காரவேல். என் அப்பா யார் வயலில் வேலை செய்தாரோ அந்த வீட்டுப் பிள்ளை. அவனும் அதே செக்‌ஷனில் வேலைக்குச் சேர்ந்திருந்தான், சைக்கிள் பம்பு கேட்டு வந்திருந்தான். எங்கள் வம்சத்தில் ஒருவன் திறக்கும்வரை இன்னொருவர் வாசலில் காத்து நின்றது அதுதான் முதல்முறை.

அதனால் எங்கள் வீட்டில் கதவு என்றால் கதவுதான். பொற்கொடிக்கு ஏழு வயதிருக்கும்போது விளையாடப் போகும் அவசரத்தில் திறந்துபோட்டுவிட்டு ஓடினாள். கூப்பிட்டு, ஐம்பது முறை திறந்து மூடச் சொன்னேன். அடிக்கவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினேன். பத்தாவது முறை அழுதாள், முப்பதாவது முறை அழுகை நின்றது, நாற்பதுக்கு மேல் அது ஒரு தாளத்தில் போயிற்று. அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருந்ததில்லை. படித்துக்கொண்டிருக்கும்போது காற்றில் கதவு அசையும் சத்தம் கேட்டால் கண் புத்தகத்தில் இருக்கும், கை போய்க் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பும். வீட்டுக்கு வந்தவர்கள் பார்த்து வியந்திருக்கிறார்கள்.

அவள் பயிற்சியில் சேர்ந்தபோது எங்கள் தெருப் பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். பதினைந்து அடி. தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டையில் பொற்கொடி. சட்டை ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் போட்டது. கீழே ‘விமானி பொற்கொடி’ என்று எழுதி, அதற்கும் கீழே சின்னதாக என் பெயர். அந்த வழியாகப் போக வேண்டிய வேலை இல்லாத நாளிலும் நான் அந்த வழியாகத்தான் போனேன்.

போன நவம்பரில், பறக்கக் கற்றுக்கொடுக்கும் கேப்டன் ஜெயராமன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவள் ஓட்டிக்கொண்டு மேலெழும்போது, வலப்பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அன்று அது என் வேலையல்ல. பழைய தாழ், தேய்ந்திருந்தது. அவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டாள், விமானம் ஒருபக்கம் சாய்ந்தது, கேப்டன் வாங்கி ஓட்டி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார். இறங்கியதும் அவர் திட்டவில்லை. என்னிடம்தான் சொன்னார்.

“கதவு திறந்தா ஒண்ணும் ஆகாது சார். சத்தம் வரும், காத்து அடிக்கும், அவ்வளவுதான். ப்ளேன் பாட்டுக்குப் பறக்கும். அதை மூடப் போனாத்தான் ஆபத்து.”

இதை நான் தெளிவாகக் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் சொன்னதில் எனக்குத் தேவைப்பட்டது முதல் பாதி.

பயிற்சிப் பள்ளி வாட்ச்மேன் வாயிலிருந்து டீக்கடைக்கு அது வருவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. சிங்காரவேல் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவனும் ஓய்வு பெற்றவன்தான்.

“ஏம்ப்பா சக்கரபாணி, ஒம் பொண்ணு ஏரோப்ளேன ஓட்டுதா, ஏரோப்ளேன் ஒம் பொண்ண ஓட்டுதா?”

நான் டீயை ஊதினேன்.

“கதவு தொறந்துகினதுக்கே பயந்துகினு ஸ்டியரிங்க வுட்டுடுச்சாமே. அப்பிடிப் பாத்தா நம்மூரு பஸ்ஸுல படிக்கட்டுல தொங்கிகினு போறவன் எல்லாம் பைலட்டுதான்” என்றான். பெஞ்சில் இருந்த நால்வரும் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் தெரு.

டீயைக் கடைசிவரை குடித்தேன். பிறகு டம்ளரைத் தொட்டித் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தார். குடித்த டம்ளரைத் தானே கழுவி வைக்கும் வழக்கம் என் அப்பாவின் காலத்தோடு முடிந்துபோனது. பத்து வயதுவரை நானும் கழுவியிருக்கிறேன். ஐம்பது வருடம் கழித்து அன்று என் கை தானாகப் போய்ச் செய்தது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை பொற்கொடி என்னிடம் வந்தாள்.

“அப்பா, நான் ஓட்டறத நிறுத்திக்கிறேன்.”

“பயமா?”

“பயமில்லப்பா. என் கைய என்னால நம்ப முடியல. கதவு சத்தம் கேட்டதும் அது பாட்டுக்குக் கதவுக்குப் போயிடுச்சி. நான் அனுப்பல. கேப்டன் தட்டி வுடலன்னா நான் மூடிகினுதான் இருந்திருப்பேன்.”

“அதுக்குப் பேர்தாம்மா பயம்.”

“இல்லப்பா.” கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். “தரையில இருந்து விமானத்த அனுப்பற வேலைக்குப் படிப்பு இருக்குது. அதுல நான் நல்லா வருவேன்.”

என் மனைவி சாமியம்மாள் முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “தரையில இருந்தா இன்னாங்க? நாம எல்லாம் தரையிலதான் இருக்கறோம்” என்றாள்.

அந்த ஃப்ளெக்ஸை யார் அவிழ்ப்பது என்று நான் கேட்டேன்.

ஐயா, சுரங்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வாரம் வரும். அதில் மாக் டிரில் உண்டு. பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ மாட்டிக்கொண்டதுபோலச் சத்தம் எழுப்புவோம், அல்லது தீப்பிடித்ததுபோலப் புகை போடுவோம். முன்கூட்டி யாருக்கும் சொல்வதில்லை. சொன்னால் அது டிரில் இல்லை. யார் ஓடுகிறான், யார் கயிற்றை இழுத்து பெல்ட்டை நிறுத்துகிறான் என்று ஃபோர்மேன் ஓரமாக நின்று பார்த்து எழுதுவான். சிங்காரவேல் ஒரு வருடம் ஓடினான். ஓடினான் என்றே எழுதினேன். ஓடியவனுக்கு அடுத்த வாரமே மறுபடியும் வைப்போம். இரண்டாவது முறை எவனும் ஓட மாட்டான். இப்படித்தான் என் செக்‌ஷனில் விரல் போகாமல் இருந்தது.

பொற்கொடிக்கு இரண்டாவது டிரில் வைக்கப்படவில்லை. அதுதான் குறை என்று எனக்குத் தோன்றியது.

அவளுடைய விமானப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பறக்கும்போது கதவு திறந்தால் என்ன செய்வது என்று அரைப் பக்கம் இருக்கிறது. கேப்டன் சொன்னதேதான். விமானத்தை ஓட்டு, வேகத்தைப் பார், சுற்றி வந்து இறங்கு. ஓரத்தில் பென்சிலில் அவள் கையெழுத்து: ‘கதவைத் தொடாதே.’ மூன்று முறை அடிக்கோடு போட்டிருந்தாள். ஆக, அவளுக்குத் தெரியும். தெரிந்தவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வாய்ப்பு. தனியாக மேலே போய், கதவு திறந்து, அதைச் சட்டை செய்யாமல் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிவிட்டால், அந்த டீக்கடை பெஞ்சில் அதற்குப் பிறகு யார் வாய் திறப்பான்?

எங்கள் வாசலில் கால் துடைக்கப் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்று கிடக்கும். இங்கே பல வீடுகளில் அப்படித்தான். அதன் மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கீற்று வெட்டினேன். நவம்பருக்குப் பிறகு கதவுக்குப் புதுத் தாழ் போட்டிருந்தார்கள். தாழின் நாக்கு போய் உட்காரும் குழியில் அந்த ரப்பரை வைத்தால், நாக்கு முழுதாக இறங்காது. வெளியிலிருந்து பார்த்தால் மூடியதுபோல இருக்கும். ஓடுபாதையில் ஓடும்வரை தாங்கும், காற்று இழுக்கும்போது விட்டுவிடும். மூன்று நாள் காலையில் கொட்டகையில் தனியாக இருந்து, எவ்வளவு கனம் வைத்தால் எவ்வளவு இழுப்புக்கு விடுகிறது என்று செதுக்கிச் செதுக்கிப் பார்த்தேன். நான் எந்த வேலையையும் குத்துமதிப்பாகச் செய்கிறவன் இல்லை.

பொற்கொடியிடம், தனியாக ஒரே ஒரு தடவை ஏறி இறங்கு, அதற்குப் பிறகு நீ எதைப் படித்தாலும் நான் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். எனக்காக ஒப்புக்கொண்டாள். ஜனவரி முழுவதும் கேப்டனோடு பத்துத் தடவை பறந்தாள். கதவு திறக்கவில்லை, எனவே அவள் கையும் எங்கும் போகவில்லை. கேப்டனுக்கு நம்பிக்கை வந்தது. பிப்ரவரி பத்தாம் தேதி, புதன்கிழமை, காலை ஏழு மணிக்குத் தனியாக அனுப்பச் சம்மதித்தார்.

அன்று நல்ல காற்று, அளவான காற்று. அவள் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து தோள்பட்டியை மாட்டிக்கொண்டாள். நான் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனேன். யாரும் உட்காராத இருக்கை. ரப்பரைக் குழியில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

“அப்பா, அந்தப் பக்கக் கதவ பாத்துட்டீங்களா?” என்று உள்ளிருந்து கேட்டாள்.

“பாத்துட்டேன்மா.”

சுரங்கத்தில் பெல்ட்டின் எந்த மூடியைச் சாத்தினாலும் இரண்டு தட்டுத் தட்டுவோம். சரியாக இருக்கிறது, ஓட்டலாம் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து என் சைக்கிளில் அவளை ஏற்றி உட்காரவைத்ததும் பின்சீட்டில் அப்படித்தான் தட்டுவேன். அன்றும் கதவில் இரண்டு தட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளிருந்து கண்ணாடியில் இரண்டு தட்டினாள்.

நான் ஓடுபாதை ஓரத்தில், காற்றின் திசை காட்டும் துணிப் பை கட்டிய கம்பத்துக்குக் கீழே போய் நின்றேன். சுழல்விசிறி வேகமெடுத்து, ஓடி, சக்கரம் தரையை விட்டது. தென்னை உயரம் தாண்டியதும் வலப்பக்கத்தில் ஒரு மினுக்கம். கதவு விரிந்து வெயில் பட்ட மினுக்கம். நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. விமானம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஐயா, அந்த நான்கு எண்ணிக்கைக்குள் எனக்கு இருந்த சந்தோஷத்தை இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் அனுபவித்திருக்கிறேன், பச்சைக் கதவுக்குப் பின்னால் நின்றபோது.

ஐந்தில் மூக்கு மேலே போனது. வலப்பக்க இறக்கை தாழ்ந்தது. அந்த மினுக்கம் மறைந்தது, அதை நான் கண்ணால் பார்த்தேன். எஞ்சின் சத்தம் ஒரு மாதிரி மாறியது. பிறகு விமானம் முந்திரித் தோப்புக்குள் போனது.

கேப்டனும் மற்றவர்களும் தோப்பை நோக்கி ஓடினார்கள். நான் ஓடுபாதையில் நடந்தேன். டிரில் முடிந்தால் வைத்ததை எடுத்துவிட வேண்டும், அது பழக்கம். முக்கால்வாசித் தூரத்தில் ரப்பர் கிடந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் தோப்புக்குப் போனேன். அதற்குள் அவளைத் துணியால் மூடியிருந்தார்கள். கேப்டன் ஒரு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பார்த்த வரையில் வலது கை மட்டும் துணிக்கு வெளியே இருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன, கைப்பிடியைப் பிடித்து இழுப்பதுபோல.

மூன்றாம் நாள் பேருந்து நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதே படம், அதே வெள்ளைச் சட்டை. ‘விமானி பொற்கொடி’ என்ற எழுத்தைக்கூட மாற்றவில்லை. சிங்காரவேல் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். உண்மையாகத்தான் அழுதான். போகும்போது வாசலில் யாரிடமோ, “பாவம் பயந்துகினு வெளிய குதிக்கப் பாத்துருக்குது, சின்னப் பொண்ணு” என்றான். அது எனக்குக் கேட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீடு கழுவியபோது சாமியம்மாள் வாசலில் கிடந்த பெல்ட் துண்டை எடுத்து உதறினாள். வெட்டிய மூலையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய் வாசற்கதவை அகலத் திறந்துவிட்டாள். நான் மூடப்போனேன்.

“வுடுங்க. மூடறவ போய்ட்டா. தொறந்தே கெடக்கட்டும்” என்றாள்.

இரண்டு மாதமாக எங்கள் வீடு திறந்தே கிடக்கிறது. நாய் வருகிறது, கோழி வருகிறது, தெருப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். எனக்குச் சாப்பாடு இறங்குவதே இல்லை. அந்தக் கதவுதான் காரணம்.

இதோ அந்த ரப்பர். மேசையில் வைக்கிறேன். நான்தான் வெட்டினேன், நான்தான் வைத்தேன். என் மகளைத் தவிர வேறு யாரும் அதில் ஏறப்போவதில்லை என்று உறுதி செய்துகொண்டு வைத்தேன். கேப்டனுக்குத் தெரியாது, வாட்ச்மேனுக்குத் தெரியாது. அந்தத் தாழைச் செய்தவர்கள் மேலும் தவறில்லை. கொலை என்று எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள், எந்தப் பக்கத்தில் கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். போலீஸ்காரர்கள் வரும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். நான் எங்கேயும் ஓடுகிறவன் இல்லை.

ஆனால் ஒன்பதாம் பக்கத்தை மாற்றிவிடுங்கள். தோள்பட்டியை அவள் குதிக்கக் கழற்றவில்லை. மாட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கக் கதவு கைக்கு எட்டாது, அதற்காகக் கழற்றினாள். பயந்தவள் அப்படிச் செய்வாளா? அத்தனை காற்றில், அத்தனை சத்தத்தில், ஒற்றைக் கையால். உங்கள் அறிக்கையின் கடைசியில் நான்காவது படம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் எடுங்கள். கண்ணாடி நொறுங்கியிருக்கிறது, இறக்கை இல்லை, மூக்கு மண்ணுக்குள் இருக்கிறது. அதையெல்லாம் விடுங்கள். கதவை மட்டும் பாருங்கள் ஐயா. எவ்வளவு சரியாக மூடியிருக்கிறாள்.